வாய் வைக்காத குழல்

ரூத்தை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் படிக்கும்போது, இந்த டிரைவர் அந்தப் பெண்மீது எவ்வளவு பாசமாக எழுதுகிறான் என்று யாரும் உருகிவிடக் கூடாது. இரண்டு வருஷம் ஒரே ஆம்புலன்ஸில் போனோம், அவள் பின்னால், நான் முன்னால். ஒரு நாள்கூட அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. நானும் அவளை ஒரு டீக்குக் கூப்பிட்டதில்லை.

கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம், விட்டுவிடுங்கள். 1996-ல் அங்கே இரண்டு ஆம்புலன்ஸ்கள், இரண்டும் மெட்டடார் வண்டிகள். ஒன்றை நான் ஓட்டினேன். என் பேர் செங்கோடன். கருமத்தம்பட்டிக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டரில் எங்கள் ஊர். கிணறு வற்றித் தறி போட்டோம், தறியும் படுத்தது, கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். தோட்டத்துக்காரன் என்ற மப்பு மட்டும் வற்றாமல் கிடந்தது.

ரூத்துக்கும் அதே ஊர்தான். வம்பே அங்கேதான் ஆரம்பம். ஊருக்கு மேற்கே வாய்க்காலைத் தாண்டி, சின்ன சர்ச்சுக்குப் பின்னால் ஒரு வீதி உண்டு. அந்த வீதிக்காரி. அவள் அம்மா ரெபேக்கா என் பெரியப்பன் தறிக்கூடத்தில் நூல் சுற்றியவள். அப்பா தேவதாஸ் மிஷன் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் பாதிரியார் ஒருவர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் நர்ஸிங் சேர்ந்து, மூன்று வருஷம் படித்துத் தேறி, வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தற்காலிக நர்ஸாக வந்தாள். அப்போது இருபத்தாறு வயது. ஒல்லி, உயரம், வேகமான நடை. கடிகாரத்தைக் கையில் கட்டாமல் நெஞ்சில் ஊசி குத்தித் தொங்கவிட்டிருப்பாள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். நடந்ததை நடந்தபடியே எழுதுவாள். காலை ஷிஃப்டுக்கு ஆறு நிமிஷம் தாமதமாக வந்தால், எட்டு ஆறு என்று நோட்டில் எழுதுவாள். எட்டரைக்கு வந்தவர்களெல்லாம் எட்டு என்று எழுதி வைத்திருக்கிற அதே நோட்டில். இதனால் மற்ற நர்ஸுகளுக்கும் அவளைக் கண்டால் ஆகாது. வண்டிக்குள் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கும்போது நான் கதவோரம் நின்று பீடி பற்ற வைத்தேன். ‘டிரைவர் பீடி குடித்தார்’ என்று வண்டி நோட்டில் தேதி, நேரத்தோடு எழுதிவிட்டாள். எனக்கு மெமோ வந்தது. பெரியப்பன் தறிக்கூடத்தில் நூல் சுற்றியவளின் மகள் எழுதி எனக்கு மெமோ. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி நாங்கள் முறைத்துக்கொண்டு திரிகிற காலத்தில்தான் அந்தக் குழல் வந்தது.

டாக்டர் கிருபாசங்கர் இதய டாக்டர். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர், நல்ல கைராசி, வாயைத் திறந்தால் அடுத்தவன் சொல்வது காதில் விழாது. ஒரு நாள் எங்களை மாடியில் அவர் அறைக்குக் கூப்பிட்டு விளக்கினார். சில பேருக்குத் திடீரென்று நெஞ்சு நிமிஷத்துக்கு நூற்றெண்பது, இருநூறு என்று ஓட ஆரம்பித்துவிடும். மாரடைப்பு இல்லை. இதயத்தில் ஓடுகிற மின்சாரம் ஒரு குறுக்கு வழியில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவது. ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டால் ஊசி போட்டு நிறுத்தலாம். ஆனால் அன்னூரிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகிறது, அதற்குள் சிலர் மயங்கிச் சாய்கிறார்கள். மூச்சை அடக்கிப் பலமாக முக்கினால் பல பேருக்கு அந்த ஓட்டம் தானாக நிற்கும். எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் என்பதுதான் யாருக்கும் பிடிபடுவதில்லை.

அதற்குத்தான் குழல். பீளமேட்டில் பம்ப் உதிரி கடைகிற பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கியிருந்தார். ஒரு சாண் பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். மறு முனையில் கண்ணாடிக் கூடு, அதற்குள் ஸ்பிரிங் வைத்த பித்தளைக் குண்டு. ஊதினால் குண்டு ஏறும். சிவப்புக் கோட்டில் குண்டை நிறுத்திப் பதினைந்து எண்ணும்வரை விடாமல் ஊத வேண்டும். உடனே ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். நாங்கள் அதற்கு ஊதாங்குழல் என்று பேர் வைத்தோம்.

எங்கள் வண்டியில் கொதிக்க வைத்து உறையிலிட்ட குழல்கள். இன்னொரு வண்டியில் குழல் கிடையாது, வாயால் “முக்குங்க” என்று சொல்வதோடு சரி. ஒரு வருஷம் கழித்து எந்த வண்டியில் அதிகம் பேருக்கு நெஞ்சு அடங்கியது என்று பார்ப்பது. இதுதான் ஆய்வு. எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக அச்சடித்திருந்தார். அதில் முதல் வரி, நர்ஸ் உறையைப் பிரித்துத் தானே ஊதிக் காட்ட வேண்டும். அப்புறம் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து நோயாளியிடம் கொடுக்க வேண்டும்.

“வாயில சொன்னா நம்ம ஜனங்களுக்குப் புரியாது. செஞ்சு காட்டணும். நீங்க ஊதிக் காட்டுங்க, பார்த்துட்டு அவங்க ஊதுவாங்க,” என்றார் டாக்டர். ரூத்திடம், “இதை ஒழுங்கா முடிச்சுக் குடுங்க சிஸ்டர், உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்,” என்றும் சொன்னார்.

அவள் தலையை ஆட்டினாள். அந்த வீதியில் நிரந்தர வேலை என்று ஒன்றைப் பார்த்தவர் யாரும் கிடையாது. அவள் அப்பனுக்கே பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகத் தற்காலிகம்தான்.

முதல் ஆள் சோமனூர் சென்னகிருஷ்ணன். முப்பது தறி வைத்திருந்தவர், நாற்பத்தைந்து வயது. குழல் வைத்தியத்துக்கு வண்டியை நிறுத்த வேண்டும் என்பதால் ரோட்டோரம் ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினேன். ரூத் நெஞ்சில் ஒயரை ஒட்டினாள். மெஷினில் நூற்றுத் தொண்ணூறு. அவர் நெற்றியில் வேர்வை சொட்டுகிறது. மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் சம்சாரம் கையைப் பிசைகிறது. அந்த நிலைமையில் அந்த மனுஷன் கேட்டது இதுதான்:

“அம்மணிக்கு எந்தூருங்க?”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி ஊரைத் தெரிந்துகொள்ள இல்லை. முதலில் எந்த ஊர், அப்புறம் எந்த வீதி, அப்புறம் யார் வீடு. மூன்றாவது கேள்வியில் உங்களை எங்கே உட்கார வைப்பது என்று தெரிந்துவிடும். எல்லாமே ‘ங்க’ போட்டு, தேன் தடவித்தான் கேட்பார்கள்.

ரூத் ஊரைச் சொன்னாள். “மேக்கால வீதிங்க. சர்ச்சுக்குப் பின்னால,” என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள்.

“நல்லதுங்க அம்மணி,” என்றார் சென்னகிருஷ்ணன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

அவள் உறையைப் பிரித்தாள், ஊதினாள், குண்டு சிவப்புக் கோட்டில் அசையாமல் நின்றது. துடைத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். பிறகு வலது கையை முஷ்டியாக மடக்கி, விரல்களுக்கு நடுவில் குழலைச் செருகி, முஷ்டியின் மேல்பக்கம் வாயை வைத்து ஊதினார். ஒரே பீடியை நாலு பேர் பங்கு போட்டுக் குடிக்கும்போது, அடுத்தவன் எச்சில் படாமல் இருக்க அப்படித்தான் இழுப்போம். காற்றெல்லாம் விரலிடுக்கில் போயிற்று. குண்டு பாதி எம்பி விழுந்தது.

“உதட்டுல வெச்சு ஊதோணுங்க,” என்றாள் ரூத்.

“வெச்சுத்தானுங்க ஊதறேன்.”

மூன்று தடவை அப்படியே. குண்டு ஏறவில்லை, நெஞ்சும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டார்கள். இறங்கும்போதுகூட, “ரொம்பச் சிரமப்பட்டீங்க அம்மணி,” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் முன் சீட்டிலிருந்து ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். எனக்கு முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. கோபம் அவள்மேல்தான் வந்தது.

“ஏன் சிஸ்டர், எந்தூருன்னு கேட்டா டவுனுன்னு சொல்லிப்போட்டுப் போனா என்ன? வாய் தேஞ்சா போயிரும்?”

“எங்கூரு டவுனு இல்லீங்களே அண்ணா,” என்று சொல்லிவிட்டு மெஷின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் ஏழு மாசம். பதினாலு பேர். மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி ஒருவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் குழல்மேல் நாலு மடிப்பாகப் போட்டு ஊதினார். பெண்கள் முந்தானையைச் சுற்றிக்கொண்டு ஊதினார்கள். ஒருவர் குழலை உதட்டிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு ஊதினார், சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறபோது இருக்குமே, அதே இடைவெளி. எல்லோரும் “சரிங்க அம்மணி”, “ஊதிட்டனுங்க அம்மணி”தான். அன்னூரில் ஒரு அம்மாள் மட்டும் குழலைத் தட்டிவிட்டு, “உன்ற வாயில வெச்சதை எனக்குக் குடுக்கறியா நீயி,” என்று கத்தியது. பதினாலு பேரில் மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான். அன்றைக்கு ரூத் தரையில் கிடந்த குழலை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, நெஞ்சுக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினாள். நான் பார்க்காததுபோல வண்டியை எடுத்தேன்.

பதினாலில் இரண்டு பேருக்குத்தான் பலித்தது. பாலக்காட்டிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த காலேஜ் பையன் ஒருவன். போத்தனூரில் ஒரு டீச்சரம்மா, ரூத் போகிற சர்ச்சுக்கே வருகிறவர். குழலே இல்லாத இன்னொரு வண்டியில் மூன்று பேருக்கு அடங்கியிருந்தது.

டாக்டர் அவளைக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டார். வராந்தாவரை சத்தம் கேட்டது. “கையில ஒரு சாமானும் இல்லாத வண்டியே உங்களைவிடத் தேவலை. அடுப்பு ஊதற மாதிரி ஊத விட்டிருக்கீங்க. சொல்லிக் குடுக்கத் தெரியலைன்னா சொல்லிடுங்க.”

அவள் கீழே வந்து வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. என்னிடம் பேசினாள். அவளாக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

“டாக்டர்கிட்டச் சொல்லிட்டனுங்க அண்ணா. நான் வாய் வெச்சதை அவங்க வாயில வெக்க மாட்டேங்கறாங்கன்னு. ஸ்பிரிட்ல துடைச்சா ஒரு கிருமியும் இருக்காதுங்கறாரு. கிருமி இல்லீங்க சார்னேன். வேற என்ன, இந்தக் காலத்துல போயி இதெல்லாம் பேசிட்டு, உங்க தப்பை மறைக்க ஊர்க்காரங்க மேல பழி போடாதீங்கன்னுட்டாரு. நோயாளி ஊட்டு ஆளுங்களையே ஊதிக் காட்டச் சொல்லலாமான்னும் கேட்டேன். பாதியில முறையை மாத்துனா ஆய்வே குப்பையாம்.”

“அதுக்கு?”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னாப் பழி போடறதா இருக்குது. நீங்க சொன்னா நம்புவாரு. நீங்க அவங்க ஆளு.”

நான் அவளைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். “எனக்கு வண்டி ஓட்டறது மட்டுந்தான் வேலை,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது நிதானமாக யோசித்தால், இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, மெமோ. பல்லைக் கடித்துக்கொண்டு அதற்குப் பதிலடி கொடுக்க ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன். இன்னொன்று கொஞ்சம் ஆழமானது. தோட்டம் போய், தறி போய், ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவனுக்கு, அவங்க ஆளு என்பது ஒன்றுதான் மிச்சம். அதைக் கொண்டுபோய் ஒரு டாக்டர் மேஜைமேல் அவிழ்த்துக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. போதாததற்கு எனக்கு நானே ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். எச்சில் என்றால் எல்லாருடையதும் எச்சில்தான். யார் ஊதிக் கொடுத்தாலும் எங்கள் ஆட்கள் வாய் வைக்க மாட்டார்கள். இதில் ரூத் என்ன, ராணி என்ன. இப்படிச் சொல்லிக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் மாசம் ஒரு மத்தியானம் அன்னூருக்குப் பக்கத்திலிருந்து போன் வந்தது. வந்த விலாசம் என் அக்கா சாமியாத்தாள் வீடு. ஐம்பது வயசு, அதுவரை தலைவலி என்று படுத்ததில்லை. நான் வண்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. போய்ப் பார்த்தால் அக்கா கட்டிலில் சாய்ந்து கிடக்கிறது, உதடெல்லாம் வெளுத்துப்போய், கண் செருகுகிறது. மச்சானும் நானும் தூக்கி வண்டியில் ஏற்றினோம். ரூத் ஒயரை ஒட்டினாள். நூற்றெண்பத்தாறு.

அக்கா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. அவளிடம் எந்தூர் என்று கேட்கத் தேவையில்லை. “ரெபேக்கா புள்ளையா? சௌக்கியமா கண்ணு?” என்றது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ரூத் உறை பிரிக்காத குழலை எடுத்தாள். அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குழலை என்னிடம் நீட்டினாள்.

“நீங்க பிரிச்சு ஊதிக் காட்டுங்க.”

“நானா? தாள்ல நீங்கதானே ஊதோணும்னு போட்டிருக்குது.”

“நான் ஊதுனா உங்கக்கா கோயமுத்தூர் போற வரைக்கும் இப்படியேதான் கிடக்கோணும். தாங்குவாங்களான்னு எனக்குத் தெரியாது. சட்டுன்னு சொல்லுங்க அண்ணா.”

நான் உறையைப் பல்லால் கிழித்தேன். ஊதினேன். குண்டு கோட்டில் நின்றது. துடைக்கக்கூட மறந்து அக்கா கையில் கொடுத்தேன். அக்கா அப்படியே உதட்டில் கவ்விக்கொண்டு ஊதியது. குண்டு ஏறியது, ஏறி நின்றது. ரூத் ஒன்று, இரண்டு என்று பதினைந்துவரை எண்ணினாள். எண்ணி முடித்த கணம் அக்காவைச் சாய்த்துப் படுக்க வைத்தோம், காலை நான் தூக்கிப் பிடித்தேன். மெஷினில் கோடு ஒரு நொடி வெறுமனே ஓடியது. பிறகு ஒரு துடிப்பு, இன்னொரு துடிப்பு. எண்பத்தெட்டு. அக்கா பெருமூச்சு விட்டது. என் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அக்கா என் கையைத் தட்டிக் கொடுத்தது. மெதுவாகச் சொன்னது, “நல்லவேளை தம்பி, நீ ஊதிக் குடுத்தே. அந்தப் புள்ள ஊதியிருந்தா நான் எப்படி வாயில வெக்கறது?”

மெதுவாகத்தான் சொன்னது. ரூத் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து தாளை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். பேனா நிற்கவில்லை.

அக்காவை வார்டில் சேர்த்துவிட்டு வந்து பார்த்தால், அந்தத் தாளில் ‘நர்ஸ் ஊதிக் காட்டினாரா’ என்ற இடத்தில் இல்லை என்று போட்டிருந்தாள்.

“ஆமான்னு போட்டு உடுங்க சிஸ்டர். யாருக்குத் தெரியப் போகுது? உங்களுக்கும் நல்லது.”

“நடந்தது இல்லைங்கறதுதானுங்க,” என்றாள். அதற்குக் கீழே, ஏன் ஊதிக் காட்டவில்லை என்று நாலு வரி எழுதினாள். அழகான கையெழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காப்பாற்றப் போனால் கையைத் தட்டிவிடுகிறவளை என்ன செய்வது?

அடுத்த திங்கட்கிழமை டாக்டர் இரண்டு பேரையும் மாடிக்குக் கூப்பிட்டார். தாள் மேஜைமேல் இருந்தது.

“யாரைக் கேட்டு முறையை மாத்தினீங்க சிஸ்டர்?”

“யாரையும் கேக்கலீங்க சார். அந்தம்மா மயங்கற நிலைமைல இருந்தாங்க.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “செங்கோடா, நீ கூடத்தானே இருந்தே. இவங்க ஊதிக் காட்டினாங்களா இல்லையா?”

என் அக்கா உயிரோடு கீழே வார்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. நன்றி என்று ஒன்று இருக்கிறதே. “காட்டுனாங்க சார்,” என்றேன். “ஞாபகமில்லாம இல்லைன்னு எழுதிப்போட்டாங்க.”

“பொய்யிங்க சார்,” என்றாள் ரூத். சத்தம் போடவில்லை. “நான் ஊதலை. இவருதான் ஊதினாரு. இவரு ஊதினதுனாலதான் அவங்கக்கா வாயில வெச்சாங்க. நான் ஊதியிருந்தா வெச்சிருக்க மாட்டாங்க. ஏன்னு இவரைக் கேளுங்க. இவரு எங்க ஊர்க்காரரு. பதினாலு பேரையும் ஜன்னல்ல பார்த்தவரு.”

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவள் முகத்தில் கெஞ்சல் ஒன்றும் இல்லை. ஒரு வரி போதும். ‘ஆமாங்க சார், அவ வீதி தெரிஞ்சதும் யாரும் வாய் வெக்கறதில்லீங்க’ என்று ஒரு வரி. அந்த வரி என் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா சொன்னதும் கூடவே வந்தது. அதைச் சொன்னால் என் அக்காவையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்,” என்றேன். “நான் முன்னால உக்காந்து வண்டி ஓட்டறவன்.”

டாக்டர் தாளை மூடினார். முறையை மீறியதற்காக அந்த மாசக் கடைசியோடு ரூத்தை நிறுத்திவிட்டார்கள். கடைசி நாளும் எட்டு மணி ஷிஃப்டுக்கு எட்டு மணிக்கு வந்தாள். குழல்களைக் கொதிக்க வைத்து உறையிலிட்டு ஒட்டி, எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் மாசம் கீதா வந்தாள். பல்லடம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகள், நல்ல கலகலப்பான பெண். முதல் கேஸ் சூலூரில் மாரியாத்தாள் என்ற அம்மாள், கோழிப் பண்ணை வைத்திருந்தவர். நூற்றெழுபத்தைந்து. நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஜன்னலில் பார்த்தேன். வழக்கமான கேள்வி வந்தது. கீதா ஊரைச் சொன்னாள், தோட்டத்தைச் சொன்னாள், அப்பா பேரைச் சொன்னாள்.

“அட, எங்க ஒறம்பரை ஊட்டுப் புள்ளையல்லோ நீயி,” என்றார் மாரியாத்தாள், அந்த மூச்சிரைப்பிலும் சொந்தம் கண்ட சந்தோஷத்தோடு.

கீதா உறையைப் பிரித்து ஊதினாள். புது ஆள், படபடப்பு வேறு. ஸ்பிரிட் பஞ்சு டப்பா பக்கத்தில் இருந்தும் அதைத் தொடவே மறந்துவிட்டாள். எச்சில் ஈரத்தோடு அப்படியே நீட்டினாள். மாரியாத்தாள் வாங்கி வாயில் வைத்துக்கொண்டார். முஷ்டி இல்லை, முந்தானை இல்லை. குண்டு சிவப்புக் கோட்டில் நின்றது. கீதா பதினைந்து எண்ணினாள். நெஞ்சு அடங்கிவிட்டது.

எச்சில் எல்லாருக்கும் எச்சில்தான் என்று இத்தனை மாசமாக எனக்கு நானே ஊட்டிக்கொண்டிருந்த பொய் என் கண் முன்னாலேயே செத்தது. அந்த அம்மாளைத் திட்டலாமா என்று வந்தது. அந்த அம்மாள் என்ன தனியாகவா செய்தது? என் அக்கா செய்தது, சென்னகிருஷ்ணன் செய்தார். எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நான் செய்தேன்.

அதற்கப்புறம் பத்துக்கு ஐந்து பேருக்குப் பலித்தது. டாக்டர் கிருபாசங்கர் சென்னையில் டாக்டர்கள் கூட்டத்தில் ஆய்வை வாசித்தார், கை தட்டினார்களாம். திரும்பி வந்து ஆளுக்கு ஒரு இனிப்புப் பொட்டலம் கொடுத்தார்.

“பார்த்தியா செங்கோடா, குழல்ல ஒண்ணும் கோளாறில்லை. சொல்லிக் குடுக்கற ஆளைப் பொறுத்துத்தான் எல்லாம்.”

“ஆமாங்க சார்,” என்றேன். இனிப்பையும் தின்றேன்.

அடுத்த வருஷம் தையில் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஜமக்காளம் வாங்க என்று சொல்லிக்கொண்டு பவானிக்குப் போனேன். ஜமக்காளம் ஈரோட்டிலேயே கிடைக்கும். ரூத் அங்கே ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அங்கேயும் தற்காலிகம்தான். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு வராந்தாவுக்கு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நெஞ்சில் அதே கடிகாரம்.

“பத்து நிமிஷம் இருக்குதுங்க அண்ணா. சொல்லுங்க.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கீதா வந்தது, மாரியாத்தாள், துடைக்காத குழல், டாக்டர் கைதட்டல் வாங்கியது, எல்லாம். “நீங்க சொன்னதுதான் நெசம் சிஸ்டர். எச்சில் இல்லை. உங்களைத்தான். நான் அன்னைக்கே சொல்லியிருக்கோணும். தப்புப் பண்ணிப்போட்டேன்,” என்றேன். அவள் கொஞ்சம் இளகுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத்தானே போயிருந்தேன்.

அவள் கடைசிவரை கேட்டுவிட்டு நேரத்தைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியாததை ஒண்ணும் நீங்க சொல்லலீங்க. பொறந்ததுல இருந்து தெரியும். தெரியாதது டாக்டருக்குத்தான். என்கிட்டச் சொல்றதுக்கு இத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருக்கீங்க. அவரு ரூமு உங்க வண்டி நிக்கற இடத்துக்கு மேலதானுங்க இருக்குது.”

சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள். நான் அன்று சாயங்காலமே கோயமுத்தூர் திரும்பினேன். ஓய்வு பெறும்வரை இன்னும் பதினோரு வருஷம் அதே ஆஸ்பத்திரியில்தான் ஓட்டினேன், கிருபாசங்கரும் அதே அறையில்தான் இருந்தார். ஒரு நாளும் மாடி ஏறி அவரிடம் அதைச் சொல்லவில்லை.